வீட்டுக்குள் வளர்ந்த வாத்துக்குஞ்சுகள்

நுழையும்முன்

நம்முள் பலருடைய பெற்றோர் தொழிலின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்திற்கு வந்தவர்கள். நம் வீடுகள் பெரும்பாலும் சிறியவை. அச்சிறு வீட்டிற்குள் ஓர் உயிரை வளர்க்க வேண்டும் என்ற ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. ஆசை மட்டும் போதுமா? வளர்க்கப்படும் உயிருக்கு என்ன தேவை என்பதை அறிய வேண்டாமா? பொன்முடி மலையில் ஒரு கோடை விடுமுறையில் நான் நேரில் கண்டவற்றையும், நான் செய்த ஒரு பிழையையும் இப்பாடத்தில் எழுதியுள்ளேன். வாய்விட்டுப் படியுங்கள். புதிய சொற்களை அடிக்கோடிடுங்கள்.

1. மலை ஏறிய ஆறு குஞ்சுகள்

திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பொன்முடி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்த மலை அது. விதுரையைக் கடந்து, கல்லாற்றைத் தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் மலையுச்சியை அடையலாம். ஏறும் வழியெங்கும் காடும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்திருக்கும். நண்பகலிலும் மூடுபனி வந்து வழியை மறைக்கும்.

அம்மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் தமக்கையார் கொழுந்து பறிக்கும் பணி செய்கிறார். அவர்கள் குடியிருப்பது தொழிலாளர்க்கென வரிசையாகக் கட்டப்பட்ட லயத்து வீடு. ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்புறம் ஒரு சிறு திண்ணை. இவ்வளவே அவ்வீடு. அதில் தமக்கையார், அவர் கணவர், அவர்களுடைய மகள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதிலேயே வந்து சேர்ந்த ஆச்சி ஆகிய நால்வர் வாழ்கின்றனர். விடுமுறைக்குச் சென்ற நான் ஐந்தாவது ஆள்.

மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள் நெடுமங்காட்டுச் சந்தைக்குச் சென்ற அத்தான், மாலையில் ஓர் அட்டைப் பெட்டியுடன் திரும்பினார். பெட்டிக்குள் மஞ்சள் பஞ்சுருண்டைகள் போல ஆறு வாத்துக்குஞ்சுகள் இருந்தன. பொரித்து இரண்டு நாளே ஆகியிருக்கும். எட்டாம் வகுப்பில் படிக்கும் தமக்கை மகளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

“சித்தி, இவற்றின் தாய் எங்கே?” என்று கேட்டாள்.

“வாத்துகள் பலவும் அடைகாக்கும் பழக்கத்தை ஏறக்குறைய மறந்துவிட்டன. முட்டையிடுவதற்கென்றே மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவு அது. அதனால் இக்குஞ்சுகள் பொரிப்பகத்தில் பிறந்திருக்கும்” என்றேன்.

ஆச்சி இடையிட்டார். “எங்கள் ஊரில் அடைக்கோழியின் அடியில் வாத்து முட்டையை வைப்போம் தாயி. கோழி முட்டைக்கு 21 நாள். வாத்து முட்டைக்கு 28 நாள். அந்தக் கோழி ஒரு வாரம் கூடுதலாகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். பிறகு குஞ்சுகள் குளத்தில் இறங்கியதும், மூழ்கிப் போகுமோ என்று கரையில் நின்று கத்தித் தீர்க்கும்” என்று கூறிச் சிரித்தார்.

2. நனைந்த பெட்டி

முதல் இரவு முழுவதும் குஞ்சுகளின் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தபோது அட்டைப் பெட்டியின் அடிப்பகுதி ஊறிக் கிழிந்திருந்தது. உள்ளே விரித்த செய்தித்தாள் கூழாகிவிட்டது. குஞ்சுகள் நிற்க முயன்று வழுக்கி விழுந்தன. கிண்ணத்தில் வைத்த நீர் முழுவதும் தரையில் ஓடி, ஆச்சியின் பாய்வரை நனைத்திருந்தது. தீவனம், நீர், எச்சம் மூன்றும் கலந்த புளிப்பு நாற்றம் வீடெங்கும் பரவியது.

வேலைக்குப் புறப்பட்ட தமக்கையார் மூக்கைப் பொத்திக்கொண்டார். “நாளைக் காலையும் இந்த நாற்றம் இருக்குமானால், இவை வந்த வழியே நெடுமங்காட்டிற்குத் திரும்பிப் போகும்” என்று கூறிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தமக்கை மகளின் கண்கள் கலங்கின. “இவை ஏன் இவ்வளவு அழுக்குச் செய்கின்றன?” என்று என்னிடம் கேட்டாள்.

மாணவர்களே, அவளுடைய கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டுப் பாருங்கள். வாத்து ஏன் நீரைச் சிதறுகிறது? வாத்து நீர்நிலைகளில் வாழும் பறவை. அதன் அலகின் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போன்ற நுண்ணிய தகடுகள் உள்ளன. அது சேற்றுநீரை வாய்நிறைய எடுத்து, நீரை ஓரங்களின் வழியே வெளியேற்றி, உணவை மட்டும் உள்ளே நிறுத்திக்கொள்கிறது. ஒவ்வொரு வாய் உணவுக்கும் அதற்கு நீர் வேண்டும். நீரின்றி உலர்ந்த தீவனத்தை உண்டால் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அலகின் மேலுள்ள மூக்குத் துளைகளையும் கண்களையும் நீரில் தோய்த்தே அது கழுவிக்கொள்கிறது. நிறைய நீர் குடிப்பதால் அதன் எச்சத்தின் பெரும்பகுதியும் நீராகவே இருக்கிறது. குளத்தில் இவை எல்லாம் கரைந்துபோகும். நம் வீட்டுத் தரையிலோ தேங்கி நாறும். எனவே பிழை குஞ்சுகளிடம் இல்லை. குளத்துப் பறவையைக் கொண்டுவந்து அறைக்குள் வைத்த நாம்தான் அதற்கேற்ற ஏற்பாட்டையும் செய்ய வேண்டும்.

3. மூன்று மாற்றங்கள்

அன்றே மூன்று மாற்றங்களைச் செய்தோம்.

முதலாவது, தரை. நனைந்தால் கிழியும் அட்டைப் பெட்டியை அகற்றி, துணி ஊறவைக்கும் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியை எடுத்துக்கொண்டோம். செய்தித்தாள் வழுக்கும். வழுக்கும் தரையில் நிற்கும் இளங்குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்து, பின்னர் நேராக நிற்க இயலாமல் போகலாம். ஆகவே முதல் சில நாள்களுக்குத் துவைத்த கோணிச் சாக்கைத் துண்டுகளாக வெட்டி விரித்தோம். ஒன்று நனைந்தால் எடுத்துவிட்டு, உலர்ந்த மற்றொன்றை விரித்தோம். குஞ்சுகள் தீவனம் எது என்று அறிந்துகொண்ட பின்னர், தச்சர் கடையிலிருந்து மரச்சீவல் வாங்கி மூன்று விரல் உயரத்திற்குப் பரப்பினோம். மாவு போன்ற மரத்தூளைத் தவிர்த்தோம். அதனைக் குஞ்சுகள் தீவனம் என எண்ணி உண்டுவிடும். அதன் தூசு மூச்சுக்கும் தீங்கு செய்யும்.

இரண்டாவது, நீர்ப்பாத்திரம். திறந்த கிண்ணம் என்றால் குஞ்சுகள் உள்ளே இறங்கி நிற்கும். எனவே மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் பக்கவாட்டில், ஒரு குஞ்சின் தலை மட்டும் நுழையும் அளவில் துளைகள் வெட்டினோம். துளையின் ஓரங்களைத் தேய்த்து மழமழப்பாக்கினோம். இப்போது அலகையும் கண்ணையும் நீரில் தோய்க்க முடியும், ஆனால் உள்ளே இறங்க முடியாது.

மூன்றாவது, சிதறும் நீருக்கு ஒரு வழி. தொட்டியின் ஒரு மூலையில் விளிம்புள்ள தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் நெருக்கமான கம்பிவலையை இறுக்கிக் கட்டி, வலையின்மேல் நீர்ப்பாத்திரத்தை வைத்தோம். குஞ்சுகள் சிதறிய நீரெல்லாம் வலை வழியே தட்டில் இறங்கியது. படுக்குமிடம் உலர்ந்தே இருந்தது. தீவனத் தட்டை நீரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தோம். மிகத் தொலைவில் வைத்தால் குஞ்சு விக்கும். மிக அருகில் வைத்தால் தீவனம் கூழாகும்.

இவ்வேற்பாட்டிற்குப் பின்னர் நாளொன்றுக்கு மூன்று முறை செய்ய வேண்டிய வேலை மட்டுமே எஞ்சியது. காலை, நண்பகல், அந்தி ஆகிய வேளைகளில் தட்டு நீரைக் கொட்டி, நனைந்த சீவலை மட்டும் அள்ளி, உலர்ந்ததைத் தூவுவோம். தட்டு நீரும் நனைந்த சீவலும் வீணாகவில்லை. லயத்தின் பின்புறம் நின்ற வாழையின் அடியிலும், அதனருகே வெட்டிய எருக்குழியிலும் அவற்றைச் சேர்த்தோம். பறவை எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. ஆனால் அதனை நன்கு மக்கவைத்த பின்னரே கீரைப் பாத்திகளுக்கு இட வேண்டும்.

மறுநாள் காலை தமக்கையார் கதவருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் கூறாமல் வேலைக்குச் சென்றார். தமக்கை மகள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

4. என் பிழை

ஐந்தாம் நாள் பிற்பகல். மூடுபனி விலகிச் சற்றே வெயில் அடித்தது. “வாத்துக்கு நீர்தானே வீடு? சிறிது நேரம் நீந்தட்டும்” என்று கூறியவள் நான்தான். ஓர் அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, ஆறு குஞ்சுகளையும் இறக்கிவிட்டோம். அவை துள்ளி நீந்தின. மூழ்கி எழுந்தன. நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். அரைமணி நேரம் கடந்ததைக் கவனிக்கவில்லை.

அப்போது மீண்டும் மூடுபனி இறங்கியது. தொடர்ந்து இடியுடன் பெருமழை. மின்சாரம் நின்றது. தொட்டியின்மேல் நாங்கள் தொங்கவிட்டிருந்த 60 வாட் விளக்கும் அணைந்தது. குஞ்சுகளின் மென்தூவி நீரில் ஊறி உடலோடு ஒட்டிக் கிடந்தது. அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின.

ஆச்சி விறகடுப்பைப் பற்றவைத்தார். புட்டிகளில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றித் தொட்டியின் நடுவே வைத்தார். ஒவ்வொரு குஞ்சாக எடுத்துப் பழைய வேட்டித் துணியால் ஒற்றித் துடைத்தார். நீர் ஆற ஆறப் புட்டிகளை இரவெல்லாம் மாற்றிக்கொண்டே இருந்தோம். விடியற்காலையில் ஐந்து குஞ்சுகள் எழுந்து தீவனம் தேடின. மிகச் சிறியதாக இருந்த ஆறாவது குஞ்சு எழவில்லை.

தமக்கை மகள் அதனைக் கையில் ஏந்திக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தாள். நான் அவளிடம் உண்மையைக் கூறினேன். “இது மழையின் பிழையன்று, மின்தடையின் பிழையுமன்று. அறியாமல் அறிவுரை கூறியது என் பிழை.” அவள் பதில் கூறவில்லை. வாழையின் அருகே குழி தோண்டினாள்.

நான் அறியாமல் இருந்தது இதுதான். வளர்ந்த வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உள்ளது. அதன் எண்ணெயை வாத்து அலகால் தொட்டு இறகெங்கும் தடவிக்கொள்கிறது. அடர்ந்து பின்னிய இறகும் அவ்வெண்ணெயும் சேர்ந்து நீரை உடலுக்குள் புகவிடாமல் தடுக்கின்றன. இளங்குஞ்சிற்கு இறகு இல்லை, மென்தூவி மட்டுமே உண்டு. குளத்தில் தாயோடு நீந்தும் குஞ்சு குளிரால் இறப்பதில்லையே எனக் கேட்கலாம். கரையேறியதும் தாய் வாத்து அதனைத் தன் சிறகின்கீழ் அணைத்துச் சூடேற்றி உலர்த்திவிடுகிறது. எங்கள் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. தாயின் சிறகு செய்யும் வேலையை நாங்கள் செய்ய வேண்டும் என்பதை நான் மறந்துவிட்டேன்.

5. தாயின் சிறகிற்கு ஈடு

அதன்பின் வெப்பத்தைப் பற்றி ஒழுங்காகக் கற்றோம். முதல் வாரத்தில் குஞ்சுகள் இருக்குமிடத்தில் 29 முதல் 32 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்திற்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். சமவெளியில் மே மாதத்தில் இரவில் மட்டும் விளக்கு போதுமாக இருக்கும். பொன்முடியின் குளிரில் பகலிலும் தேவைப்பட்டது.

வெப்பமானி இல்லாத வீட்டில் குஞ்சுகளே வெப்பமானி. அவை விளக்கின்கீழ் நெருங்கிக் குவிந்து ஓயாமல் கத்தினால் குளிர்கிறது என்று பொருள். விளக்கைவிட்டு விலகி, அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி என்று பொருள். தொட்டியெங்கும் பரவி, சில உண்டு, சில உறங்கினால் வெப்பம் அளவாக உள்ளது என்று பொருள். விளக்கைத் தொட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும். விளக்கு அறுந்து விழாதவாறு கம்பியால் கட்டுவதும், சீவலைத் தொடாத உயரத்தில் நிறுத்துவதும் மிக முதன்மையானவை. உலர்ந்த மரச்சீவல் விரைவில் தீப்பற்றும். இவ்வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

6. உணவும் ஓர் எச்சரிக்கையும்

முதல் நாள்களில் கோழிக்குஞ்சுத் தீவனத்தை நீரில் குழைத்துக் கொடுத்தோம். வாத்துக்குஞ்சுக்கு நயாசின் எனப்படும் உயிர்ச்சத்து கோழிக்குஞ்சைவிடக் கூடுதலாகத் தேவை. அது குறைந்தால் கால்கள் வலுவிழந்து வளையும். ஆகையால் உப்பிடாத சாளை மீனை வேகவைத்து, முள் நீக்கிப் பிசைந்து சிறிதளவு சேர்த்தோம். பச்சைக் கீரையைப் பொடியாக நறுக்கித் தூவினோம். உப்புக் கருவாடு குஞ்சுகளுக்கு ஆகாது. ரொட்டித் துண்டுகள் வயிற்றை நிரப்புமே தவிர, வளர்ச்சிக்கு உதவா.

ஒருநாள் அண்டை வீட்டார் அன்போடு கடலைப் பிண்ணாக்குக் கொடுத்தனர். அதன் ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஆச்சி அதனை முகர்ந்துவிட்டு, “இது குஞ்சுகளுக்கு நஞ்சு” என்று எருக்குழியில் போட்டுவிட்டார். பள்ளி சென்று படிக்காத ஆச்சியின் பட்டறிவை அறிவியல் உறுதி செய்கிறது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. வாத்துக்குஞ்சுகளும் இறந்தன. ஆராய்ந்தபோது, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சணமே காரணம் எனத் தெரிந்தது. அப்பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சிற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். அந்நஞ்சு வாத்துக்குஞ்சின் கல்லீரலை மிக எளிதில் தாக்கும்.

நம் நலத்தையும் மறத்தல் ஆகாது. நலமாகத் தோன்றும் குஞ்சின் எச்சத்திலும் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிரி இருக்கக்கூடும். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். அதற்கு முத்தமிடுதல் கூடாது. அதன் பாத்திரங்களை அடுக்களையில் கழுவுதல் கூடாது. ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் கையில் அதனைக் கொடுத்தல் கூடாது. எங்கள் தொட்டியை முதல் நாளே அறையிலிருந்து திண்ணையின் மறைவான மூலைக்கு மாற்றியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இரண்டாம் வாரத்தில் அவ்வாறே மாற்றினோம். மழைச்சாரல் படாதவாறு சாக்குத் திரை கட்டினோம்.

7. பின்தொடர்ந்த குஞ்சுகள்

ஐந்து குஞ்சுகளும் தமக்கை மகள் எங்குச் சென்றாலும் பின்னே ஓடின. அவள் அமர்ந்தால் அவள் காலடியில் அமர்ந்தன. முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதலில் கண்டு பழகும் அசையும் பொருளைத் தாயெனப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. கொன்ராடு லோரென்சு என்னும் ஆசுத்திரிய நாட்டு அறிஞர் சாம்பல்நிற வாத்தினக் குஞ்சுகளிடம் இதனை விரிவாக ஆராய்ந்தார். அக்குஞ்சுகள் அவரையே தாயாகக் கொண்டு பின்தொடர்ந்தன. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்விற்காக 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

“இவை என்னைத் தாய் என்று எண்ணுகின்றன. இவற்றை எப்போதும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வேன்” என்றாள் தமக்கை மகள்.

ஆச்சி மெல்லக் கூறினார். “தாய் என்றால், தாயின் வேலையையும் முழுவதும் செய்ய வேண்டும் தாயி. குஞ்சைச் சிறகின்கீழ் வைப்பது பாதி வேலை. சிறகை விட்டு வெளியே நடத்துவது மீதிப் பாதி.”

மூன்றாம் வாரம் முடிவதற்குள் குஞ்சுகள் தொட்டியை நிறைத்துவிட்டன. ஒரு குஞ்சுக்கு ஒரு சதுர அடி இடமேனும் வேண்டும். இடம் சுருங்கினால் ஈரம் பெருகும், நாற்றமும் பெருகும். எனவே வெயில் அடிக்கும் வேளைகளில் அவற்றைப் புல்வெளிக்குக் கொண்டு சென்றோம். முதல் நாள் கால்மணி நேரம், மறுநாள் அரைமணி நேரம் எனப் படிப்படியாக நேரத்தைக் கூட்டினோம். அவை புழுவையும் பூச்சியையும் தேடித் தின்னக் கற்றன. அத்தான் வாழையின் அருகே மூங்கிலாலும் கம்பிவலையாலும் ஓர் இரவுக் கூண்டு கட்டத் தொடங்கினார். மரநாயும் கீரியும் உலவும் மலையில் இரவில் கூண்டு இன்றியமையாதது. காட்டோடையில் அவற்றை விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். அத்தான் மறுத்துவிட்டார். வளர்ப்பு வாத்து காட்டில் பிழைக்கத் தெரியாது. காட்டுயிர்களுக்கு நோயையும் கொண்டு சேர்க்கலாம்.

விடுமுறை முடிந்து நான் மலையிறங்கினேன். குஞ்சுகளுக்கு ஏழு வாரம் நிறைந்த நாளில் தொலைபேசி ஒலித்தது.

“சித்தி, உடல் முழுவதும் இறகு முளைத்துவிட்டது. இன்று மழையில் நின்றன. நீர்த்துளிகள் முத்துப்போல உருண்டு ஓடின. உள்ளே நனையவே இல்லை. இன்று முதல் இரவிலும் கூண்டில்தான்” என்றாள்.

“உனக்கு வருத்தமாக இல்லையா?” என்று கேட்டேன்.

சிறிது நேரம் அமைதியாக இருந்தாள். “திண்ணை உலர்ந்து கிடக்கிறது, சித்தி. அதைப் பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கிறது” என்றாள்.

தெரிந்துகொள்வோம்

• மலையாளத்தில் வாத்தினைத் ‘தாறாவு’ என்பர். தமிழிலும் ‘தாரா’ என்னும் சொல் வாத்தைக் குறிக்கும். இலங்கைத் தமிழர் பேச்சில் அச்சொல் இன்றும் வழங்குகிறது.

• ஆலப்புழையை ஒட்டிய குட்டநாடு வாத்து வளர்ப்பிற்குப் பெயர்பெற்றது. கடல் மட்டத்திற்குக் கீழே நெல் விளையும் நிலம் அது. சாரா, செம்பல்லி என்பன அங்குள்ள நாட்டு வாத்து இனங்கள். நெல் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டங்கள் சிந்திய மணிகளையும் நத்தைகளையும் உண்டு, நிலத்திற்கு எருவிடுகின்றன. பத்தனந்திட்டை மாவட்டம் நிரணத்தில் அரசு வாத்துப் பண்ணை உள்ளது.

• 2014ஆம் ஆண்டு நவம்பரில் குட்டநாட்டு வாத்துகளிடையே பறவைக் காய்ச்சல் பரவியது. நோயைத் தடுக்க ஏராளமான வாத்துகளை அழிக்க நேர்ந்தது. வளர்க்கும் பறவைகள் பல திடீரென இறந்தால் அவற்றைத் தொடாமல், உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

சொற்பொருள்

தமக்கை – அக்காள்
கொழுந்து – தேயிலையின் இளந்தளிர்
அடுக்களை – சமையலறை
மென்தூவி – குஞ்சின் உடலை மூடிய மெல்லிய மயிர் போன்ற இறகு
தழைச்சத்து – இலை செழிக்க உதவும் சத்து
பூஞ்சணம் – ஈரத்தில் படரும் காளான் வகை
பட்டறிவு – வாழ்ந்து பெற்ற அறிவு
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

மொழியை ஆள்வோம்

அ) மரபுச்சொல் அறிவோம்
விலங்கு, பறவை ஆகியவற்றின் கழிவிற்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம், யானை இலத்தி, பறவை எச்சம் என்றே கூற வேண்டும். இளமைப் பெயர்களும் அவ்வாறே. பின்வருவனவற்றைப் பொருத்துக.
1. புலி – கன்று
2. பசு – குருளை
3. சிங்கம் – பறழ்
4. கீரி – குஞ்சு
5. வாத்து – பிள்ளை

ஆ) ‘எச்சம்’ என்பதற்கு மற்றொரு பொருள்
எச்சம் என்றால் எஞ்சி நிற்பது. பொருள் முடியாமல் எஞ்சி நிற்கும் வினைச்சொல்லையும் இலக்கணத்தில் எச்சம் என்பர். பெயரைக் கொண்டு முடிவது பெயரெச்சம் (நனைந்த பெட்டி). வினையைக் கொண்டு முடிவது வினையெச்சம் (நனைந்து கிழிந்தது). பின்வருவனவற்றை வகைப்படுத்துக.
1. உலர்ந்த சீவல்
2. துள்ளி நீந்தின
3. கூடையை எடுத்து நடந்தார்
4. சிதறிய நீர்
5. முளைத்த இறகு

இ) பிரித்து எழுதுக
1. வெந்நீர் 2. பெருமழை 3. வாத்துக்குஞ்சு 4. மூச்சையிழுத்து

குறுவினா

1. முதல் நாள் காலையில் வீட்டில் நாற்றம் பரவியது ஏன்?
2. செய்தித்தாளைக் குஞ்சுகளின்கீழ் விரிக்கக் கூடாது. காரணம் யாது?
3. வெப்பமானி இல்லாமல் வெப்ப அளவை எவ்வாறு அறியலாம்?
4. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை ஆச்சி என்ன செய்தார்? ஏன்?

நெடுவினா

1. வாத்துக்குஞ்சுகள் உண்டாக்கும் ஈரத்தைக் கட்டுப்படுத்தச் செய்த மூன்று மாற்றங்களைத் தொகுத்து எழுதுக.
2. ‘பிழை குஞ்சுகளிடம் இல்லை.’ இத்தொடரை இரண்டு சான்றுகளுடன் விளக்குக.

சிந்தனை வினா

1. ஆசிரியர் தம் பிழையைச் சிறுமியிடம் ஒப்புக்கொண்டார். அவர் மழையையோ மின்தடையையோ காரணமாகக் கூறியிருந்தால், எஞ்சிய ஐந்து குஞ்சுகளின் நிலை என்ன ஆகியிருக்கும்?
2. தொலைபேசியில் சிறுமி கூறிய இறுதித் தொடரில் மகிழ்ச்சி உள்ளதா, வருத்தம் உள்ளதா? உங்கள் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

உங்கள் பாட்டி, தாத்தா அல்லது வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரிடம், அவர்கள் தம் ஊரில் ஆடு, மாடு, கோழி, வாத்து ஆகியவற்றுள் எதனை வளர்த்தனர் என்று கேளுங்கள். அதன் இருப்பிடத்தை எவ்வாறு தூய்மை செய்தனர் என்பதையும் கேளுங்கள். அவர்கள் கூறும் சொற்களை அவர்கள் கூறியவாறே குறிப்பேட்டில் எழுதுங்கள். அச்சொற்களுள் உங்களுக்குப் புதியவை எத்தனை என்று எண்ணி, அடுத்த வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.